மக்கும் உறையில் எங்கே, எத்தனை வாரத்தில் என்பதையும் அச்சிடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாவரப் பொருள்களிலிருந்து தயாராகும் உறைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையை வாசித்தேன். மக்காச்சோளம், கரும்புச் சக்கை, காளான், கடற்பாசி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், பிளாஸ்டிக்கின் காலம் முடிந்துவிட்டது என்ற உற்சாகத்தில் கட்டுரை நின்றிருந்தது. நான் பேக்கேஜிங் பொருள்களைப் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். இந்தப் புதிய பொருள்கள் மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. சிலவற்றின் மேல் உண்மையான மதிப்பு உண்டு. ஆனால் கட்டுரையில் வந்த ஒரு பொருளுக்காவது, அது எந்த இடத்தில், எந்தச் சூட்டில், எத்தனை வாரத்தில் மக்கும் என்ற விவரம் இல்லை. கைக்கு வரும் உறைகளிலும் பெரும்பாலும் அது இருப்பதில்லை. அந்த விவரத்தை உறையிலேயே அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

கேட்பதற்கான காரணத்தைச் சொல்ல, ஆய்வகத்தில் நாங்கள் செய்துவந்த ஒரு சோதனையிலிருந்து தொடங்குகிறேன். சிறிய அலுமினியக் கிண்ணத்தில் கால்சியம் குளோரைடு போடுவோம். அது ஈரத்தை உறிஞ்சும் உப்பு. கிண்ணத்தின் வாய்மேல் உறைப் படலத்தை வைத்து, ஓரங்களை உருக்கிய மெழுகால் அடைத்துவிடுவோம். பிறகு 38 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டிக்குள் வைத்து, குறித்த நேரத்தில் எடுத்து எடை பார்ப்போம். கூடிய எடை எவ்வளவோ, அவ்வளவு நீராவி படலத்தைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறது. சாதாரண பிளாஸ்டிக் பைகளைச் செய்யும் பாலிஎத்திலீன் படலம் என்றால் எடை ஊர்ந்து ஊர்ந்துதான் ஏறும். பூச்சில்லாத மாவுச்சத்துப் படலம் என்றால், எடைபோடத் தராசே தேவையில்லை. உப்பு கட்டிதட்டிக் கசியத் தொடங்கியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

இது மாவுச்சத்தின் குறை அல்ல, அதன் இயல்பு. மாவுச்சத்து, செல்லுலோஸ், புரதம் எல்லாமே தண்ணீரோடு உறவுள்ள மூலக்கூறுகள். தண்ணீர் உள்ளே புகுந்தால்தான் நுண்ணுயிர்களின் நொதிகளும் புகுந்து அவற்றை அறுத்துத் தின்ன முடியும். ஆனால் உறை என்று ஒன்றைச் செய்வதே, தண்ணீரும் ஆக்சிஜனும் நுண்ணுயிரும் உள்ளிருக்கும் பொருளை நெருங்காமல் தடுக்கத்தான். பயன்பாட்டில் இருக்கும் வரை எதுவும் தின்னக்கூடாது, கையை விட்டுப் போன மறுநாளே எல்லாம் தின்றுவிட வேண்டும் என்கிறோம். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதற்காகச் சேர்க்கப்படும் பூச்சு, கலவை, அடுக்கு ஆகியவற்றில்தான் ஒரு உறையின் உண்மையான கதை இருக்கிறது. விளம்பரத்தில் அதைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும்.

புதிய சிக்கலும் அல்ல. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜாக் பிராண்டன்பெர்கர் 1908இல் உருவாக்கிய செல்லோபேன், மரக்கூழின் செல்லுலோஸால் ஆனது. கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். எண்ணெயும் காற்றும் எளிதில் ஊடுருவாது. நீராவியை மட்டும் தாராளமாக விட்டுவிடும். 1927இல் டூபாண்ட் நிறுவனத்தின் வில்லியம் ஹேல் சார்ச் என்ற வேதியியலாளர், நைட்ரோசெல்லுலோஸும் மெழுகும் கலந்த மிக மெல்லிய பூச்சை அதன்மேல் ஏற்றிய பிறகே அது உணவுப்பொருள் உறையாகப் பரவியது. தாவரப் பொருளை அடிப்படையாக வைத்து, அதன்மேல் வேறு எதையாவது பூசி வேலை வாங்குவது அன்றைக்கே தொடங்கிவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மரக்கூழைக் கரைக்கக் கார்பன் டைசல்பைடு தேவைப்பட்டது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டது மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. மூலப்பொருள் மரம் என்பதால் ஆலையும் தூய்மையாக இருக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இன்றைய உதாரணம் வேண்டுமானால், சக்கைக்கூழை அச்சில் அழுத்திச் செய்யும் தட்டுகளையும் கிண்ணங்களையும் பாருங்கள். நார் மட்டும் இருந்தால் எண்ணெய் ஊறி மறுபக்கம் வந்துவிடும். அதைத் தடுக்கப் பல ஆண்டுகளாகச் சேர்க்கப்பட்டவை ஃபுளோரின் கலந்த பிஎஃப்ஏஎஸ் வகை வேதிப்பொருள்கள். எண்ணெயையும் நீரையும் ஒருசேர விலக்குவதில் அவற்றுக்கு நிகர் இல்லை. இயற்கையில் சிதையாமல் நீடிப்பதிலும் நிகர் இல்லை. கிண்ணம் மக்கிப் போகும், அந்த வேதிப்பொருள் உரத்தோடு வயலுக்குப் போகும். ஐரோப்பாவின் இஎன் 13432 தரநிலை, மக்கும் உறையில் ஃபுளோரின் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. உணவுத் தாள்களில் எண்ணெய் ஊறாமல் இருக்கச் சேர்க்கப்படும் இவ்வகைப் பொருள்களின் விற்பனை தங்கள் நாட்டில் நின்றுவிட்டதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. மாற்றுப் பூச்சுகள் இப்போது இருக்கின்றன. கையில் இருக்கும் கிண்ணத்தில் எந்தப் பூச்சு இருக்கிறது என்பதுதான் வெளியே தெரிவதில்லை.

ஆய்வகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பை தயாரிப்பாளர் ஒருவர், சோதனைக்கு மாதிரியைக் கொடுத்துவிட்டுப் போகாமல், தாமே செய்து காட்டுகிறேன் என்று சட்டைப்பையிலிருந்து அயோடின் சொட்டுப் புட்டியை எடுத்தார். பையின்மேல் ஒரு சொட்டு விட்டார். கருநீலமாக மாறியது. "பார்த்தீர்களா அம்மா, சுத்தமான மாவுச்சத்து. அறிக்கையில் தாவரப் பை என்று எழுதிக் கொடுங்கள்" என்றார். கருநீலம் வந்தால் மாவுச்சத்து இருக்கிறது என்பது பள்ளிப் பாடம். எவ்வளவு இருக்கிறது, கூட வேறு என்ன இருக்கிறது என்பதை அந்தச் சொட்டு சொல்லாது. அகச்சிவப்பு நிறமாலையில் வைத்துப் பார்த்தபோது பாலிஎத்திலீனுக்கே உரிய கோடுகள் நெட்டுக்குத்தாக நின்றன. மாவுச்சத்துத் துகள்களைப் பாலிஎத்திலீனில் கலந்து, படலமாக ஊதிச் செய்த பை அது. மண்ணில் போட்டால் நுண்ணுயிர் மாவுச்சத்தை மட்டும் தின்னும். ஓட்டை விழுந்த பாலிஎத்திலீன் பொடிப்பொடியாக உதிர்ந்து அங்கேயே கிடக்கும். முழுப் பையாக இருந்திருந்தால் பொறுக்கியாவது எடுக்கலாம். இப்படிப்பட்ட கலவைப் பைகள் 1980களின் இறுதியிலேயே மேலை நாடுகளில் மக்கும் பை என்ற பெயரில் விற்கப்பட்டு, கண்டனத்துக்கு உள்ளாகி மறைந்தவை. அவர் அறிக்கையை வாங்காமலே போய்விட்டார்.

எதிலிருந்து வந்தது என்பதும் எப்படி முடியும் என்பதும் வெவ்வேறு விஷயங்கள். பிரேசிலின் பிராஸ்கெம் நிறுவனம் 2010 முதல் கரும்பிலிருந்து எடுத்த எத்தனாலைக் கொண்டு பாலிஎத்திலீன் தயாரிக்கிறது. மூலம் முழுக்கக் கரும்பு. ஆனால் மூலக்கூறு பெட்ரோலியப் பாலிஎத்திலீனேதான், எனவே மக்காது. மறுசுழற்சிக்கு மட்டும் அதனோடு சேர்ந்தே போகலாம். நேர்மாறாக, பிபிஏடி என்ற பாலியெஸ்டர் வழக்கமாகப் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. கழிவை மக்கவைத்து எருவாக்கும் உர ஆலையில் மக்கிவிடுகிறது. மென்மையான மக்கும் பைகள் பலவற்றில் மாவுச்சத்தோடு கலந்திருப்பது இதுதான். கரும்பில் பிறந்தது மக்காது, எண்ணெய்க் கிணற்றில் பிறந்தது மக்கும் என்று சொன்னால் கேட்பவர்கள் என்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

கட்டுரை அதிகம் புகழ்ந்தது பிஎல்ஏ எனப்படும் பாலிலாக்டிக் அமிலத்தை. மக்காச்சோளம் அல்லது கரும்பின் சர்க்கரையைப் பாக்டீரியா நொதிக்கச் செய்து லாக்டிக் அமிலமாக்குகிறது. இரண்டிரண்டாக அவ்வமிலத்தை வளையமாக்கி, வளையங்களைத் திறந்து நீண்ட சங்கிலியாகக் கோக்கிறார்கள். தெளிவு, விறைப்பு, பளபளப்பு எல்லாம் உண்டு. 60 டிகிரியை நெருங்கினால் தொய்ந்துவிடும் என்பதால் சூடான பானத்துக்குச் சாதாரண பிஎல்ஏ கோப்பை உதவாது. அதற்கென்று படிகமாக்கிய வகை தனியாக உண்டு. இதே 60 டிகிரிதான் அது மக்குவதற்கும் திறவுகோல். பிஎல்ஏவை நுண்ணுயிர்கள் நேரடியாகத் தின்பது அரிது. முதலில் சூடும் ஈரமும் சேர்ந்து நீண்ட சங்கிலியைத் துண்டாக்க வேண்டும், துண்டுகளான பிறகே நுண்ணுயிர் வாய் வைக்கும். பெரிய உர ஆலையின் குவியலுக்குள் அந்தச் சூடு தானாக எழும். தோட்டத்து மூலையிலோ ஆற்றிலோ கடலிலோ எழாது.

தரநிலையில் இருப்பதும் இந்தச் சூடுதான். இஎன் 13432 சோதனையில் பொருள் 12 வாரத்தில் சிதைந்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தேங்காமல் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் அதன் கரிமத்தில் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாறியிருக்க வேண்டும். அந்த அளவீடு நடப்பது சுமார் 58 டிகிரியில். கடைசியில் கிடைக்கும் உரத்தில் விதை தூவி, முளைப்பும் வளர்ச்சியும் குறையவில்லை என்றும் காட்ட வேண்டும். (பை உரமாகி மண்ணை வளப்படுத்தும் என்று விளம்பரம் செய்பவர்கள் கவனிக்க: தேர்வில் வெற்றி பெற்ற பையின் பெரும்பகுதி காற்றில் போய்விட்டது என்று அர்த்தம். தாவரம் காற்றிலிருந்து எடுத்த கரிமம் திரும்பிப் போகிறது; அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. அதற்காக எரு என்று சொல்லிக்கொள்ள முடியாது.) நல்ல தரநிலை, கறாரானது. ஆனால் அது ஆலைக்கான தேர்வு. அந்தத் தேர்வில் வென்ற முத்திரையை மட்டும் உறையில் போட்டுவிட்டு, தேர்வு நடந்த இடத்தைச் சொல்லாமல் விடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் இமோஜன் நேப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் பலவகைப் பைகளை மண்ணில் புதைத்தும், கடலில் அமிழ்த்தியும், திறந்த வெளியில் தொங்கவிட்டும் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். உயிரிகளால் சிதையும் என்று விற்கப்பட்ட பை, மூன்று ஆண்டுகள் மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும் சாமான்களைத் தூக்கும் வலுவோடு இருந்தது. உரமாகும் என்று குறிக்கப்பட்ட பை கடலில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போனது. மண்ணிலோ 27 மாதம் கழித்தும் கிடந்தது, எடை தாங்காத நிலையில். ஒரே பை, இரண்டு இடம், இரண்டு விதி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பொதுமக்களைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு உரத்தொட்டியில் மக்கும் என்று சான்று பெற்ற பிளாஸ்டிக்குகளிலேயே 60 சதவீதம் முழுமையாகச் சிதையவில்லை. வீட்டுத் தொட்டியில் சூடு ஏறாது, ஈரம் ஒரே அளவில் நிற்காது, கிளறுபவர் ஊருக்குப் போய்விடுவார். ஆய்வகப் பெட்டிக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது.

உர ஆலைக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பலர் 12 வாரத்துக்கு முன்பே உரத்தைச் சலித்து அனுப்பிவிடுகிறார்கள். வரும் கழிவில் பிஎல்ஏ கோப்பையையும் சாதாரண பிளாஸ்டிக் கோப்பையையும் கண்ணால் பிரிக்க முடியாது என்பதால், இரண்டையும் வாசலிலேயே பொறுக்கி எறிவார்கள். மறுசுழற்சி ஆலையிலும் வரவேற்பு இல்லை. பிஎல்ஏவின் அடர்த்தி சுமார் 1.24, தண்ணீர்ப் புட்டிகளைச் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி சுமார் 1.38, தண்ணீரில் இரண்டுமே மூழ்கும், எனவே மிதக்கவிட்டுப் பிரிக்கும் தொட்டி பயன்படாது. பெட் துண்டுகளை உலர்த்தும் சூட்டில் பிஎல்ஏ இளகி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய அளவு கலந்தாலே உருக்கிய பெட் கலங்கிவிடும். அகச்சிவப்புக் கருவி இருக்கும் ஆலைகள் பிரித்துவிடும். கருவி இல்லாத இடத்தில் இந்த நல்ல பொருள் கலப்படப் பொருளாகிவிடுகிறது. கடைசியில் குப்பைமேட்டுக்குப் போனால், பிஎல்ஏ ஏறக்குறைய அப்படியே கிடக்கும். மாவுச்சத்தும் காகிதமும் ஆக்சிஜன் இல்லாமல் அழுகி மீத்தேன் விடும். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது.

குறையாகவே அடுக்குகிறாளே என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பிடித்தவையும் உண்டு. எல்லாவற்றிலும் மேலாகக் காளான் இழை. அமெரிக்காவில் 2007இல் தொடங்கப்பட்ட ஈகோவேட்டிவ் நிறுவனம் இதைப் பிரபலப்படுத்தியது. உமி, தண்டு, சணல் சக்கை போன்ற வேளாண் கழிவை அச்சில் நிரப்பி, பூஞ்சையை விதைத்துவிட்டால், அதன் இழைகள் சில நாள்களில் கழிவுத் துணுக்குகளை ஒன்றோடொன்று பின்னி, அச்சின் வடிவிலேயே ஒரு கட்டியாக்கிவிடும். பிறகு சூடேற்றி உலர்த்தினால் வளர்ச்சி நின்றுவிடும். கையில் எடுத்தால் தெர்மாகோல்போல் இலேசு, மேற்பரப்பு மெல்லிய தோல்போல் வழவழப்பு. உடையும் சாமான்களைச் சுற்றி வைக்கும் மெத்தை இது. நான் இதைச் சிலாகிப்பதன் காரணம் எளிது. மெத்தைக்கு நீராவியைத் தடுக்கும் வேலை இல்லை. எண்ணெயைத் தடுக்கும் வேலையும் இல்லை. பெட்டிக்குள் உலர்ந்த நிலையில் அதிர்ச்சியைத் தாங்கினால் போதும். தண்ணீரை வெறுக்கச் சொல்லி அதை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே பூச்சு வேண்டாம், மண்ணில் போட்டால் தயக்கமின்றி மக்கிவிடும். சில நேரம் ஈரமான கிடங்கில் கனம் கூடும், உதிர்ந்து தூசு விழும். இவை சமாளிக்கக்கூடியவை.

கடற்பாசியையும் இதே அளவுகோலால் பார்க்கிறேன். பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் அல்ஜினேட் கரைசல் கால்சியம் உப்புநீரைத் தொட்ட கணத்தில் தோல்போல் உறைந்துவிடும். அந்தத் தோலுக்குள் பானத்தை அடைத்து, 2019ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானில் ஓடுபவர்களுக்குக் கொடுத்தார்கள், தோலோடு விழுங்கலாம். நிரப்பிய சில நிமிடத்திலோ சில நாளிலோ தீர்ந்துவிடும் பொருளுக்கு அது அருமையான உறை. மாதக்கணக்கில் கிடங்கில் இருக்க வேண்டியதை அதற்குள் வைத்தால் காய்ந்து சுருங்கிவிடும். பிஎச்ஏ என்ற இன்னொரு வகை மக்கும் பிளாஸ்டிக் பற்றியும் நம்பிக்கை உண்டு. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மொரீஸ் லெமுவான் 1926இல் கண்டறிந்த இந்தக் குடும்பம், பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் சேமித்து வைக்கும் கொழுப்பைப் போன்றது. அவற்றின் சொந்தத் தீனி என்பதால் மண்ணிலும் கடல்நீரிலும்கூடச் சிதைகிறது. உற்பத்திச் செலவுதான் இன்னும் இறங்கவில்லை.

உணவுக் கழிவை உர ஆலைக்குக் கொண்டுபோகும் பைகளுக்கு மக்கும் படலம் மிகப் பொருத்தம். பையைக் கவிழ்த்துக் கழுவ வேண்டிய வேலையே இல்லை. பழத்தின்மேல் ஒட்டும் குட்டிச் சீட்டுக்கும் அப்படியே. திரும்பத் திரும்பப் பயன்படும் கனமான பெட்டிக்கு மக்கும் பொருள் எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை.

எந்த ஆய்வகமும் முன்கூட்டிச் சொல்ல முடியாத விஷயங்களும் உண்டு. அமெரிக்காவில் ஃப்ரிட்டோ லே நிறுவனம் சன்சிப்ஸ் நொறுக்குத் தீனியை பிஎல்ஏ பையில் விற்றது. நீராவி, ஆக்சிஜன், ஒட்டின் வலு எல்லாம் சரியாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் அறை வெப்பத்தில் பிஎல்ஏ விறைப்பானது. பையைத் தொட்டால் எழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை என்று மக்கள் கிண்டல் செய்யத் தொடங்கினார்கள். 2010 அக்டோபரில் பெரும்பாலான பைகளைப் பழைய பிளாஸ்டிக்குக்கே மாற்றிவிட்டார்கள். நாங்கள் எத்தனையோ அளந்திருக்கிறோம், சத்தத்தை அளந்ததே இல்லை. இப்போது அளப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கோரிக்கைக்கு வருகிறேன். உறையில் மூன்று விவரங்கள் படிக்கும் அளவில் அச்சாக வேண்டும். இது உர ஆலையில் மக்குமா, வீட்டுத் தொட்டியில் மக்குமா, இரண்டிலும் மக்காமல் மறுசுழற்சிக்கு மட்டுமா; எந்தத் தரநிலையின்படி எத்தனை வாரத்தில் மக்கும்; பூச்சு எது. ஆலையில் மட்டும் மக்கும் என்றால், தோட்டத்தில் போட வேண்டாம் என்ற வரியும் கூடவே வர வேண்டும். பிரான்ஸ் 2020இல் இயற்றிய சட்டத்தில், உறைகளிலும் பொருள்களிலும் உயிரிகளால் சிதையக்கூடியது என்று மொட்டையாகக் குறிப்பதையே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆதாரம் காட்டாத பொதுவான சுற்றுச்சூழல் பெருமைகளுக்கு 2026 செப்டம்பர் முதல் தடை வருகிறது. முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை.

இடம் போதாது என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். என்னிடம் வந்த மாதிரிகளில் பச்சை இலை, பூமி உருண்டை, கைகோத்த குழந்தைகள் என்று படங்களுக்கு இடம் இருந்தது. அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் மூன்று வரி தாராளமாக அடங்கும். விளம்பரம் வாங்கும் நாளிதழ்களும் இந்த மூன்று விவரம் இல்லாத மக்கும் உறை விளம்பரத்தை ஏற்பதில்லை என்று முடிவு செய்யலாம். தங்கள் நாளிதழ் முதலில் செய்தால் மகிழ்வேன்.

ஒன்று விட்டுப்போனது. உற்பத்தித் தேதியும் வேண்டும். பிஎல்ஏ, மாவுச்சத்துப் படலங்கள் ஈரமான கிடங்கில் வெறுமனே கிடந்தாலே மெல்ல வலுவிழக்கும். இழுவைச் சோதனைக்கு வந்த சில சுருள்களைப் பொறியின் தாடையில் மாட்டும்போதே கிழிந்திருக்கின்றன. எப்போது ஊதியது என்று கேட்டால் கொண்டுவந்தவருக்கே தெரியாது. சாதாரண பிளாஸ்டிக் பையை வாங்கிக் குவித்து வைப்பதுபோல் இவற்றை வாங்கிக் குவிக்கும் நிறுவனங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பை கிழிந்துபோனால் வாடிக்கையாளர் திட்டப்போவது தேதியை அல்ல, தாவரத்தை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேக்கேஜிங் ஆய்வக ஊழியர்